பாடத்திட்டம் (உயர்கல்வி)

உயர்கல்வியில் பாடத்திட்டம் என்பது, ஒரு பாடத்தில் எவை கற்பிக்கப்படும், மாணவர் எவற்றைச் செய்ய வேண்டும், அவரது கற்றல் எவ்வாறு மதிப்பிடப்படும் என்பவற்றை முன்கூட்டியே தெரிவிக்கும் ஆவணம் ஆகும். சில நாடுகளில் இதனைப் பல்கலைக்கழகம் வகுத்துத் தன் இணைப்புக் கல்லூரிகள் அனைத்துக்கும் பொதுவாக விதிக்கிறது. வேறு சில நாடுகளில் பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியரே இதனை எழுதி முதல் வகுப்பில் மாணவருக்கு வழங்குகிறார். இந்தியாவில் முதல் முறையும், ஐக்கிய அமெரிக்காவில் இரண்டாம் முறையும் பெருவழக்காக உள்ளன.

இவ்வேறுபாட்டால், ஒரே பெயர் கொண்ட இவ்விரு ஆவணங்களும் உள்ளடக்கத்தில் பெரிதும் வேறுபடுகின்றன. முதலாவது பாடப்பொருளின் எல்லையை வரையறுக்கிறது. இரண்டாவது ஒரு பருவம் முழுவதும் வகுப்பு எவ்வாறு நடைபெறும் என்பதை விவரிக்கிறது. மாணவருக்கு இவ்விரு வகைத் தகவல்களும் தேவைப்படுகின்றன. பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் இடம்பெறாதவற்றை ஆசிரியர் தனியே எழுதித் தரும் 'பாட நடத்துத் திட்டம்' நிறைவு செய்கிறது.

சொல்லும் பொருளும்

தமிழில் பாடத்திட்டம், கலைத்திட்டம் ஆகிய சொற்கள் சில வேளைகளில் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்று வழங்கப்படுகின்றன. கல்வியியல் நூல்கள் இவற்றை வேறுபடுத்துகின்றன. கலைத்திட்டம் ஒரு பட்டப்படிப்பின் அனைத்துப் பாடங்களையும், அவற்றின் வரிசையையும், நோக்கத்தையும் உள்ளடக்கியது. பாடத்திட்டம் அவற்றுள் ஒரு பாடத்துக்கு உரியது. இலங்கையில் பாடவிதானம் என்ற சொல்லும் வழக்கில் உள்ளது.

ஆங்கிலத்தில் வழங்கும் 'சிலபசு' என்ற சொல் ஓர் அச்சுப் பிழையிலிருந்து தோன்றியது. பழங்காலத்தில் சுருள் ஏடுகளின் பெயரைக் குறிக்க அவற்றில் ஒட்டப்பட்ட தோல் துண்டு கிரேக்கத்தில் 'சித்திபா' எனப்பட்டது. உரோமானிய அறிஞர் சிசெரோ தம் நண்பர் அட்டிக்கசுக்கு எழுதிய மடல்களில் இச்சொல்லைப் பயன்படுத்தியுள்ளார். 15 ஆம் நூற்றாண்டில் அம்மடல்கள் அச்சிடப்பட்டபோது அது 'சில்லபோசு' எனப் பிழையாக இடம்பெற்றது. பிற்காலத்தவர் அதனைப் பட்டியல் எனப் பொருள் கொண்டனர். 17 ஆம் நூற்றாண்டு முதல் அச்சொல் ஆங்கிலத்தில் காணப்படுகிறது.

வரலாறு

1857 இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பல்கலைக்கழகங்கள் இலண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாகக் கொண்டு நிறுவப்பட்டன. தொடக்கத்தில் இவை தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்புகளாகவே இயங்கின. கற்பித்தல் கல்லூரிகளில் நடைபெற்றது. கற்பிப்பவர் ஒருவர், வினாத்தாள் அமைப்பவர் வேறொருவர் என்ற நிலையில், வினாக்கள் எவ்வெல்லைக்குள் அமையும் என்பதை இருவருக்கும் அறிவிக்கும் ஆவணம் தேவைப்பட்டது. இந்தியக் கல்லூரிப் பாடத்திட்டங்கள் இன்றும் பெரும்பாலும் தலைப்புகளின் பட்டியலாக இருப்பதற்கு இம்மரபு ஒரு முக்கிய காரணமாகும்.

20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பாடத்திட்டம் பற்றிய கோட்பாடுகள் வளர்ந்தன. அமெரிக்கக் கல்வியியலாளர் இரால்ப் டைலர் 1949 இல் வெளியிட்ட நூலில் நான்கு கேள்விகளை முன்வைத்தார். எந்நோக்கங்களை அடைய வேண்டும், அவற்றுக்கு எவ்வகைக் கற்றல் அனுபவங்கள் உதவும், அவற்றை எவ்வாறு ஒழுங்குபடுத்துவது, நோக்கங்கள் நிறைவேறினவா என்பதை எவ்வாறு அறிவது என்பன அவை. 1956 இல் பெஞ்சமின் புளூமும் அவரது குழுவினரும் அறிவுசார் நோக்கங்களை ஆறு நிலைகளாக வகைப்படுத்தினர். 2001 இல் இவ்வகைப்பாடு திருத்தப்பட்டு, நினைவுகூர்தல், புரிந்துகொள்ளல், பயன்படுத்தல், பகுத்தாய்தல், மதிப்பிடல், படைத்தல் என அமைக்கப்பட்டது.

இந்தியாவில் கோத்தாரி கல்விக் குழு (1964-66) தகுதி வாய்ந்த கல்லூரிகளுக்குத் தன்னாட்சி வழங்கப் பரிந்துரைத்தது. 1978 இல் சென்னை இலயோலாக் கல்லூரி, சென்னைக் கிறித்தவக் கல்லூரி உள்ளிட்ட சில கல்லூரிகள் தன்னாட்சி பெற்றன. இதனால் பாடத்திட்டத்தைத் தாமே வகுக்கும் உரிமை அவற்றுக்குக் கிடைத்தது. 2014 இல் பொறியியல் கல்வித் தர ஏற்புக்கான வாசிங்டன் உடன்படிக்கையில் இந்தியா நிலையான உறுப்பு நாடானது. அதன் பின்னர், பாடத்தின் முடிவில் மாணவர் என்ன செய்ய வல்லவராவார் என்பதைக் கூறும் 'கற்றல் பயன்கள்' பொறியியல் பாடத்திட்டங்களின் இன்றியமையாப் பகுதியாயின.

உருவாக்கும் முறை

இந்தியப் பல்கலைக்கழகங்களில் ஒவ்வொரு துறைக்கும் உள்ள பாடத்திட்டக் குழு வரைவை உருவாக்குகிறது. கல்விப் பேரவை அதற்கு ஒப்புதல் அளிக்கிறது. தன்னாட்சிக் கல்லூரிகளும் இவ்விரு அமைப்புகளைக் கொண்டுள்ளன. இணைப்புக் கல்லூரி ஆசிரியர் இப்பாடத்திட்டத்தை மாற்ற இயலாது. ஆயினும் தலைப்புகளைக் கற்பிக்கும் வேகம், எடுத்துக்காட்டுகள், ஒப்படைகள், அக மதிப்பீட்டின் சில பகுதிகள் ஆகியன பெரும்பாலும் அவர் பொறுப்பில் உள்ளன.

ஐக்கிய அமெரிக்காவில் துறை அல்லது கல்லூரி பாடத்தின் பெயரையும் சுருக்க விளக்கத்தையும் மட்டுமே வரையறுப்பது வழக்கம். நூல்கள், கால அட்டவணை, தேர்வுகள் ஆகியவற்றை ஆசிரியர் முடிவு செய்கிறார். ஆகவே ஒரே பாடம் இரு ஆசிரியர்களிடம் இரு வேறு பாடத்திட்டங்களைப் பெறலாம்.

பணிகள்

சே பார்க்சு, மேரி ஆரிசு ஆகியோர் 2002 இல் வெளியிட்ட கட்டுரை பாடத்திட்டத்தின் பணிகளை மூன்றாக வகுக்கிறது.

- உடன்பாடு: மாணவர், ஆசிரியர், நிறுவனம் ஆகியோரின் பொறுப்புகளைத் தெளிவாக்குகிறது.
- நிலையான பதிவு: ஒரு காலத்தில் ஒரு பாடத்தில் எவை கற்பிக்கப்பட்டன என்பதற்குச் சான்றாகிறது. வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறும்போதும், வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போதும் பழைய பாடத்திட்டம் கேட்கப்படுவது இதனாலேயே.
- கற்றல் கருவி: மாணவர் தம் நேரத்தையும் முயற்சியையும் திட்டமிட உதவுகிறது.

தலைப்புகளை மட்டும் கொண்ட பாடத்திட்டம் இரண்டாம் பணியை நன்கு நிறைவேற்றுகிறது. முதலாவதையும் மூன்றாவதையும் ஓரளவே நிறைவேற்றுகிறது.

உள்ளடக்கம்

அடிப்படை விவரங்கள்: பாடத்தின் பெயர், குறியீட்டு எண், பருவம், கிரெடிட் எண்ணிக்கை, வகுப்பு நேரம், இடம், ஆசிரியரின் பெயர், அவரைச் சந்திக்கக்கூடிய நேரம் ஆகியன முதலில் இடம்பெறும். சந்திப்பு நேரம் சிறு விவரம்போல் தோன்றினும் பயன் மிக்கது. ஆசிரியர் அறைக்குச் சென்று ஐயம் கேட்கலாம் என்பதையே அறியாத மாணவர்க்கு அது ஓர் அழைப்பாக அமைகிறது.

முன்தேவை: பாடத்தைத் தொடங்குமுன் மாணவர் அறிந்திருக்க வேண்டியவை. முன்பு பயின்றிருக்க வேண்டிய பாடத்தின் பெயரை மட்டும் குறிப்பிடுவதைவிட, தேவைப்படும் திறன்களைக் கூறுவது தெளிவானது.

கற்றல் பயன்கள்: இவை மாணவரின் செயலாக எழுதப்படுகின்றன. 'தொடர்புப் போக்கை அறிதல்' என்பது அளக்க இயலாதது. 'தரப்பட்ட தரவுகளுக்கு ஒட்டுறவுக் கெழுவைக் கணித்து, அதன் பொருளை இரண்டு வரிகளில் விளக்குதல்' என்பது அளக்கக்கூடியது. ஒரு பாடத்துக்கு ஐந்து அல்லது ஆறு பயன்கள் குறிக்கப்படுவது வழக்கம்.

பாடப்பொருளும் கால அட்டவணையும்: தமிழ்நாட்டில் பாடப்பொருளை ஐந்து அலகுகளாகப் பகுக்கும் மரபு பரவலாக உள்ளது. அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களில் 3 கிரெடிட் கொண்ட கருத்தியல் பாடத்துக்கு அலகு ஒன்றுக்கு 9 பாடவேளைகள் வீதம் 45 பாடவேளைகள் ஒதுக்கப்படுவது வழக்கம். கால அட்டவணை இவ்வலகுகளை வாரங்களாகப் பிரித்து, எந்த வாரத்தில் எதைப் படித்து வர வேண்டும் என்பதைத் தெரிவிக்கிறது.

நூல்கள்: கட்டாயம் படிக்க வேண்டிய பாடநூல்களும் மேற்கோள் நூல்களும் தனித்தனியே தரப்படுகின்றன. ஒவ்வோர் அலகுக்கும் உரிய இயல் அல்லது பக்கங்களைக் குறிப்பிடுவதும், நூல் கல்லூரி நூலகத்தில் உள்ளதா என்பதைத் தெரிவிப்பதும் நூற்பட்டியலைப் பயனுள்ளதாக்கும். பதிப்பு ஆண்டு தரப்படாவிடின் பக்க எண்கள் பொருந்தாமல் போகலாம்.

மதிப்பீடு: ஒவ்வொரு தேர்வுக்கும் ஒப்படைக்கும் உரிய மதிப்பெண் பங்கு, நாள், வடிவம், தேர்ச்சிக்கான குறைந்த அளவு ஆகியன இப்பகுதியில் அடங்கும். தமிழ்நாட்டின் கலை, அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் அக மதிப்பீட்டுக்கு 25, பருவத் தேர்வுக்கு 75 என்ற பங்கீடு உள்ளது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குவிதிகள் கருத்தியல் பாடங்களுக்கு 40, 60 என வகுத்தன. குறைந்த அளவு கூட்டுத்தொகைக்கு மட்டுமா, பருவத் தேர்வுக்குத் தனியாகவும் உண்டா என்பதைத் தெளிவாகக் கூறுவது இன்றியமையாதது. எடுத்துக்காட்டாக, பருவத் தேர்வில் தனியே 40 விழுக்காடு பெற வேண்டும் என்ற விதி உள்ள இடத்தில், அக மதிப்பீட்டில் 25 க்கு 25 உம் தேர்வில் 75 க்கு 25 உம் பெற்றவர் மொத்தம் 50 பெற்றும் தேர்ச்சி அடையார். தேர்வில் மட்டும் அவர் 30 பெற்றிருக்க வேண்டும்.

வகுப்பு ஒழுங்குகள்: வருகைப் பதிவின் குறைந்த அளவு, காலம் தாழ்த்திய ஒப்படைகளுக்குரிய மதிப்பெண் குறைப்பு, நோயுற்றால் தவறிய தேர்வை எழுதும் வழி, மதிப்பெண்ணில் ஐயம் இருப்பின் முறையிடும் வழி ஆகியன.

கல்வி நேர்மை: பிறர் எழுத்தைத் தம்முடையதாகக் காட்டுதல், கூட்டாகச் செய்யும் பணியின் எல்லை, மேற்கோள் காட்டும் முறை ஆகியன விளக்கப்படுகின்றன. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானதைத் தொடர்ந்து, ஆக்கமுறைச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவது பற்றிய விதியும் பல பாடத்திட்டங்களில் சேர்க்கப்பட்டு வருகிறது. முழுத் தடை, சில பணிகளுக்கு மட்டும் இசைவு, பயன்படுத்தியதைக் குறிப்பிடும் நிபந்தனையுடன் இசைவு என இவ்விதிகள் வேறுபடுகின்றன. ஒரே மாணவர் வெவ்வேறு பாடங்களில் வெவ்வேறு விதிகளை எதிர்கொள்வதால் இதனை எழுத்தில் தருவது தேவையாகிறது.

மாற்றுத்திறனாளி மாணவர்க்கான ஏற்பாடுகள்: இந்தியாவின் 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தேர்வில் கூடுதல் நேரம், எழுத்தர் உதவி போன்றவற்றுக்கு இடமளிக்கும் வகையில் கலைத்திட்டத்திலும் தேர்வு முறையிலும் மாற்றங்கள் செய்யப்பட வேண்டும் என்கிறது. இவற்றைப் பெற யாரை, எப்போது அணுக வேண்டும் என்பதைப் பாடத்திட்டத்தில் குறிப்பிடுவது, மாணவர் தாமே கேட்டுத் தயங்கி நிற்கும் நிலையைத் தவிர்க்கிறது.

பணிச்சுமைக் கணக்கு

கிரெடிட் என்பது மாணவர் செலவிட வேண்டிய நேரத்தின் அளவு ஆகும். இதன் பொருள் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது.

- இந்தியா: பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 ஆம் ஆண்டுக் கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட் ஒரு பருவத்தில் 15 மணிநேர விரிவுரைக்கு அல்லது 30 மணிநேரச் செய்முறைக்கு ஈடானது.
- இலங்கை: தகைமைக் கட்டமைப்பின்படி ஒரு கிரெடிட் 50 மணிநேரக் கற்றலைக் குறிக்கும். விரிவுரை, தன்கற்றல், தேர்வு ஆகியன இதில் அடங்கும்.
- ஐரோப்பா: ஐரோப்பிய கிரெடிட் மாற்று முறையில் ஒரு கிரெடிட் 25 முதல் 30 மணிநேரக் கற்றலைக் குறிக்கும், ஓர் ஆண்டுக்கு 60 கிரெடிட்டுகள்.
- ஐக்கிய அமெரிக்கா: வாரத்தில் ஒரு மணிநேர வகுப்பும், அதற்கு வெளியே குறைந்தது இரண்டு மணிநேரப் படிப்பும் ஏறத்தாழ 15 வாரங்களுக்கு நடைபெறுவது ஒரு கிரெடிட் ஆகும்.

வகுப்பு நேரத்தை மட்டும் காட்டும் பாடத்திட்டத்தில் மாணவர் தனியே படிக்க வேண்டிய நேரம் மறைந்துவிடுகிறது. அமெரிக்க முறையில் 3 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு வாரத்துக்கு 9 மணிநேரம் தேவை. ஐந்து பாடங்கள் பயில்பவர்க்கு இது 45 மணிநேரம் ஆகும். பகுதிநேர வேலை பார்த்துப் படிக்கும் மாணவர்க்கு இக்கணக்கு முன்பே தெரிந்திருப்பது இன்றியமையாதது.

வகுப்பு நேரத்திலும் கழிவுகள் உண்டு. 15 வாரம், வாரத்துக்கு 3 மணிநேரம் எனும் ஓர் அறிமுகப் புள்ளியியல் பாடத்தைப் பின்வருமாறு திட்டமிடலாம்.

- வாரம் 1-3: தரவு திரட்டலும் வகைப்படுத்தலும்
- வாரம் 4-5: சராசரிகள், சிதறல் அளவைகள்
- வாரம் 6: முதல் அகத் தேர்வும் விடைத்தாள் விளக்கமும்
- வாரம் 7-9: நிகழ்தகவு
- வாரம் 10-11: நிகழ்தகவுப் பரவல்கள்
- வாரம் 12: இரண்டாம் அகத் தேர்வும் விடைத்தாள் விளக்கமும்
- வாரம் 13-14: ஒட்டுறவு, தொடர்புப் போக்கு
- வாரம் 15: மீள்பார்வை

இதில் புதிய பாடப்பொருளுக்கு எஞ்சுவது 12 வாரங்கள், அதாவது 36 மணிநேரம். 45 மணிநேரத்தையும் ஐந்து அலகுகளுக்கே பங்கிட்டுவிட்டால், தேர்வுக்கும் மீள்பார்வைக்கும் வேண்டிய நேரம் இறுதி அலகிலிருந்தே எடுக்கப்படும். பருவ இறுதியில் ஐந்தாம் அலகு விரைவாக முடிக்கப்படுவதற்கு இது ஒரு காரணம் ஆகும். ஆனால் வினாத்தாளில் அவ்வலகுக்கு மற்றவற்றுக்கு ஈடான மதிப்பெண் இருக்கும்.

பகுதிகளுக்கு இடையே இசைவு

ஆத்திரேலியக் கல்வியியலாளர் சான் பிக்சு 1996 இல் முன்வைத்த கருத்தின்படி, கற்றல் பயன், கற்பித்தல் செயற்பாடு, மதிப்பீடு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். கற்றல் பயன்களில் 'பகுத்தாய்தல்' எனக் குறித்துவிட்டு, வினாத்தாளில் வரையறைகளை மட்டும் கேட்டால் மாணவர் வரையறைகளையே மனனம் செய்வர். மாணவரைப் பொறுத்தவரை மதிப்பீடே உண்மையான பாடத்திட்டமாக அமைந்துவிடுகிறது. எனவே, முதலில் பயன்களையும், அடுத்து அவற்றை அளக்கும் தேர்வுகளையும், இறுதியில் தலைப்புகளையும் முடிவு செய்யும் பின்னோக்கு வடிவமைப்பு பரிந்துரைக்கப்படுகிறது. இம்முறை கிராண்ட் விக்கின்சு, சே மெக்டை ஆகியோர் 1998 இல் வெளியிட்ட நூலால் பரவலாக அறியப்பட்டது.

மொழியும் தொனியும்

பாடத்திட்டத்தின் நடையும் மாணவரைப் பாதிக்கிறது. ஆர்னிசு, பிரிட்சசு ஆகியோர் 2011 இல் வெளியிட்ட ஆய்வில், நட்பான நடையில் எழுதப்பட்ட பாடத்திட்டத்தைப் படித்த மாணவர்கள், கடுமையான நடையில் எழுதப்பட்டதைப் படித்தவர்களைவிட, ஆசிரியரை எளிதில் அணுகக்கூடியவராகவும் கற்பிப்பதில் ஆர்வம் மிக்கவராகவும் கருதினர்.

எழுதப்படாத விதிகளைக் கல்வியியலாளர் 'மறைமுகக் கலைத்திட்டம்' என்பர். இத்தொடரைப் பிலிப் சாக்சன் 1968 இல் பள்ளி வகுப்பறைகள் பற்றிய நூலில் பயன்படுத்தினார். கல்லூரியில் படித்த பெற்றோரோ உடன்பிறந்தோரோ உள்ள மாணவர் இவ்விதிகளை வீட்டிலேயே அறிந்துகொள்கின்றனர். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் மாணவர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. மதிப்பெண் எதற்கு வழங்கப்படும், எங்கே உதவி கிடைக்கும், மறுமதிப்பீடு கேட்பது எப்படி என்பவற்றை எழுத்தில் தருவது இவ்விடைவெளியைக் குறைக்கிறது.

தமிழ்வழிப் பாடங்களில் கலைச்சொற்கள் தனிக் கவனம் பெறுகின்றன. அண்ணா பல்கலைக்கழகம் 2010-11 கல்வியாண்டில் குடிசார், இயந்திரப் பொறியியல் படிப்புகளைத் தமிழ்வழியில் தொடங்கியது. இத்தகைய பாடங்களில், ஒவ்வோர் அலகுக்கும் உரிய கலைச்சொற்களை ஆங்கில நிகரன்களுடன் பாடத்திட்டத்திலேயே இணைப்பது, வகுப்பிலும் வினாத்தாளிலும் ஒரே சொல் ஆளப்பட உதவும்.

விவாதங்கள்

நீளம்: விதிகள் பெருகப் பெருகப் பாடத்திட்டம் நீண்டு, மாணவர் படிக்காத ஆவணமாகிவிடுகிறது என்ற குறை கூறப்படுகிறது. எல்லாப் பாடங்களுக்கும் பொதுவான விதிகளைக் கல்லூரிக் கையேட்டில் தந்து, பாடத்துக்கே உரியவற்றை மட்டும் பாடத்திட்டத்தில் எழுதுவது ஒரு தீர்வாகக் கொள்ளப்படுகிறது.

சட்ட நிலை: பாடத்திட்டம் உடன்பாடு எனக் கூறப்பட்டாலும், ஐக்கிய அமெரிக்க நீதிமன்றங்கள் அதனைச் சட்டப்படியான ஒப்பந்தமாகப் பொதுவாக ஏற்பதில்லை. எனினும் மதிப்பெண் குறித்த முறையீடுகளில் அது முதன்மைச் சான்றாக அமைகிறது. இதனால் பருவத்தின் நடுவில் மதிப்பெண் பங்கீட்டை மாற்றுவது தவிர்க்கப்படுகிறது.

பொதுப் பார்வை: டெக்சாசு மாநிலம் 2009 இல் இயற்றிய சட்டம், அரசுக் கல்லூரிகளின் இளநிலைப் பாடத்திட்டங்கள் கல்லூரி இணையதளத்தின் முகப்பிலிருந்து மூன்று இணைப்புகளுக்குள் கிடைக்க வேண்டும் எனக் கட்டளையிட்டது. மாணவர் பாடத்தைத் தெரிவு செய்யுமுன் அதன் தேவைகளை அறிய இது உதவும் என ஆதரவாளர் கூறினர். ஆசிரியர்க்கு வேலைப்பளு கூடும் என எதிர்ப்பாளர் கூறினர்.

சீர்மையும் தன்னாட்சியும்: 2023 இல் தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டத்தைக் கலை, அறிவியல் கல்லூரிகள் பின்பற்ற வேண்டும் எனக் கூறப்பட்டபோது தன்னாட்சிக் கல்லூரிகள் தரப்பில் எதிர்ப்பு எழுந்தது. பொதுவான பாடத்திட்டம் கல்லூரி மாறும் மாணவர்க்கு எளிது என்பது ஒரு வாதம். தன்னாட்சியின் அடிப்படையே பாடத்திட்ட உரிமைதான் என்பது மறுவாதம்.

நீக்கங்கள்: பாடத்திட்டத்தில் எதனைச் சேர்ப்பது என்பது போலவே, எதனை யார் நீக்கலாம் என்பதும் விவாதத்துக்கு உரியதாக உள்ளது. 2011 இல் தில்லிப் பல்கலைக்கழகக் கல்விப் பேரவை, இராமாயண வடிவங்கள் பற்றிய ஏ. கே. இராமானுசனின் கட்டுரையை வரலாற்றுப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. 2020 இல் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், மாவோயியர் பகுதியில் மேற்கொண்ட பயணம் குறித்து அருந்ததி ராய் எழுதிய நூலை முதுகலை ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. இரு நிகழ்வுகளிலும் மாணவர் அமைப்பொன்றின் எதிர்ப்பு முன்னர் எழுந்திருந்தது. நீக்கத்துக்குப் பின் ஆசிரியர்களும் எழுத்தாளர்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர்.

இவற்றையும் பார்க்கவும்

- கலைத்திட்டம்
- கல்வி மதிப்பீடு
- புளூமின் வகைப்பாடு
- தன்னாட்சிக் கல்லூரி
- பல்கலைக்கழக மானியக் குழு (இந்தியா)